மொட்டை மாடிக் கம்பிகளுக்குப் பெயர் கொடுத்த யாகி



மழைக்காலத்துக்கு முன்பாக மொட்டை மாடியில் வாட்டர் ப்ரூஃபிங் வேலை நடந்தது நினைவிருக்கும். அப்போது பி பிளாக் தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் சாய்ந்து கிடந்த பழைய டிவி ஆன்டெனா ஒன்றை வேலையாட்கள் கழற்றிக் கீழே போட்டார்கள். நம் குடியிருப்பில் மிஞ்சியிருந்த கடைசி ஆன்டெனா அதுதான். மாடிக்கு விளையாட வந்த இரண்டு சிறுவர்கள், மீன் முள் மாதிரி இருக்கிறதே, இது எதற்கு என்று என்னிடம் கேட்டார்கள். டிவி பார்ப்பதற்கு என்றேன். அவர்கள் நம்பியதாகத் தெரியவில்லை.

என் வயதுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சென்னையில் 1975-ல் தூர்தர்ஷன் வந்தது. அதன் பிறகு, ஒருவர் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்ப, இன்னொருவர் படிக்கட்டில் நின்று தகவல் சொல்ல, மூன்றாமவர் டிவி முன்னால் உட்கார்ந்து படம் வருகிறதா இல்லையா என்று கத்த, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிப்பதற்கென்றே இன்னும் உயரமான கம்பம் நட்டார்கள். ரிச்சி தெருவில் நான் முதன்முதலில் ஆன்டெனா வாங்கியபோது கடைக்காரர் அதை யாகி என்று சொன்னார். அது கம்பெனியின் பெயர் என்றே பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ஒரு ஜப்பானியப் பேராசிரியரின் பெயர். இந்த இதழில் அவருடைய வாழ்க்கையை எழுதுகிறேன். அவர் பெயரோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டிய இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசியில், வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளின் வீட்டில் ஆன்டெனா வைக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகளும் உண்டு.

பிறப்பும் படிப்பும்

ஹிடெட்சுகு யாகி 1886 ஜனவரி 28 அன்று ஒசாகா நகரில் பிறந்தார். யாகி என்ற குடும்பப் பெயரை ஜப்பானியர்கள் எழுதும் இரண்டு எழுத்துகளுக்கு எட்டு, மரம் என்று பொருள். வரிசையாகக் கம்பிகள் நட்ட ஒரு கருவிக்கு இந்தப் பெயர் வந்து சேர்ந்தது தற்செயல்தான்.

1909-ல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பட்டம் பெற்றார். பிறகு வடகிழக்கே உள்ள செண்டாய் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1913-ல் மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்று டிரெஸ்டன் நகரில் பார்க்ஹவுசன் என்ற பேராசிரியரிடம் வானொலி அலைகளை உண்டாக்கும் முறைகளைப் பற்றிப் படித்தார். 1914-ல் முதல் உலகப் போர் வெடித்தபோது அவர் விடுமுறைக்காக ஸ்விட்சர்லாந்தில் இருந்தார். ஜப்பான் ஜெர்மனிக்கு எதிர் அணியில் சேர்ந்துவிட்டதால் டிரெஸ்டனுக்குத் திரும்ப வழியில்லை. அங்கிருந்து லண்டன் போனார். வால்வைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங்கிடம் வேலை பார்த்தார். அடுத்து அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பியர்ஸ் என்பவரிடம் சிறிது காலம். 1916-ல் ஊர் திரும்பினார். போர் அவருடைய படிப்பைக் கலைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கலைப்பினாலேயே, வானொலித் துறையின் மூன்று பெரிய ஆசிரியர்களிடம் மூன்று நாடுகளில் பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

1919-ல் முனைவர் பட்டம் பெற்றார். செண்டாயில் தோஹோக்கு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் துறை தொடங்கியதும் அங்கே பேராசிரியரானார்.

செண்டாய் ஆய்வகம்

அந்தக் காலத்தில் வானொலி என்றால் நீண்ட அலை. நூற்றுக்கணக்கான மீட்டர் அலைநீளம், மலை போன்ற கோபுரங்கள், நாலாபுறமும் சிதறும் சக்தி. யாகி எதிர்த்திசையில் யோசித்தார். அலை மிகக் குட்டையாக இருந்தால் அதை டார்ச் வெளிச்சம் போல ஒரே திசையில் அனுப்பலாம், குறைந்த செலவில் தூரம் போகலாம் என்பது அவர் எண்ணம். இதில் பயன் இருக்கும் என்று நம்பியவர்கள் அப்போது குறைவு. அந்த ஊரின் பெருநிலக்கிழார் குடும்பம் நிறுவிய சைட்டோ அறக்கட்டளை பணம் கொடுத்து உதவியது. தலைநகரிலிருந்து தள்ளியிருந்த ஒரு நகரத்தில் இப்படி ஓர் ஆராய்ச்சி நடக்க உள்ளூர்க் கொடை பெரிய காரணம்.

யாகியிடம் ஒரு குணம் இருந்தது. தானே உட்கார்ந்து எல்லாவற்றையும் செய்பவரல்ல. எந்தக் கேள்வி முக்கியமானது என்று கண்டுபிடிப்பார், அதற்குத் தகுந்த இளைஞரைப் பிடித்துப் பொறுப்பைக் கொடுப்பார். கின்ஜிரோ ஒகாபே என்பவரிடம் குற்றலைகளை உண்டாக்கும் மேக்னெட்ரான் குழாயை ஒப்படைத்தார். 1927-ல் ஒகாபே அதில் ஒரு முக்கியமான முன்னேற்றத்தைக் கண்டார். நம் சமையலறை மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருப்பது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குழாய்தான். அலையை ஒரு பக்கமாகத் திருப்பும் வேலையை ஷின்டாரோ உடா என்பவரிடம் கொடுத்தார்.

உடா 1896-ல் தொயாமா மாநிலத்தில் பிறந்தவர், யாகியைவிடப் பத்து வயது இளையவர். 1924-ல் தோஹோக்குவில் பட்டம் பெற்று அங்கேயே உதவியாளராகத் தங்கினார். அவர் செய்த வேலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஒரு கம்பியை வைப்பது, அளப்பது. அரை அங்குலம் வெட்டுவது, மறுபடி அளப்பது. இடைவெளியை மாற்றுவது, மறுபடி அளப்பது. இன்றைக்கு இதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுவிடலாம். அன்று எல்லாம் கையால். 1926 முதல் 1929 வரை ஜப்பானிய மின்பொறியாளர் இதழில் வரிசையாகப் பதினோரு கட்டுரைகள் எழுதினார். எல்லாம் ஜப்பானிய மொழியில்.

அந்தக் கம்பிகள் என்ன செய்கின்றன?

சிறுவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஆன்டெனாவில் டிவியோடு கேபிளால் இணைந்திருப்பது ஒரே ஒரு கம்பி. அதன் நீளம் அலையின் பாதி நீளத்தைவிடச் சற்றுக் குறைவு. அதற்குப் பின்னால் சற்று நீளமான கம்பி ஒன்று இருக்கும். அது அலையைக் கண்ணாடி போல முன்பக்கம் திருப்பிவிடுகிறது. முன்னால் சற்றுக் குட்டையான கம்பிகள் வரிசையாக இருக்கும். அவை அலைக்கு வழிகாட்டி நடுக்கம்பியிடம் கொண்டுவந்து சேர்க்கின்றன. முன்னும் பின்னும் உள்ள இந்தக் கம்பிகளுக்கு எந்த ஒயரும் கிடையாது. சும்மா நிற்பது போல இருக்கும். ஆனால் அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் படத்தில் தெரிந்துவிடும்.

வால்வும் இல்லை, மின்சாரமும் இல்லை. சரியான நீளத்தில், சரியான இடைவெளியில் நிறுத்திய சாதாரணக் கம்பிகள். இவ்வளவு மலிவான ஒன்று இவ்வளவு வேலை செய்ததால்தான் அது உலகத்தின் கூரைகளுக்கெல்லாம் ஏறியது.

ஒரே கையெழுத்து

1925 டிசம்பரில் ஜப்பானில் இதற்குக் காப்புரிமை விண்ணப்பம் போடப்பட்டது. 1926-ல் கிடைத்தது. அதில் இருந்தது யாகியின் பெயர் மட்டும்.

1928-ல் யாகி அமெரிக்கா சென்று சில நகரங்களில் உரையாற்றினார். அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க வானொலிப் பொறியாளர் கழக இதழில் ஆங்கிலத்தில் அவருடைய கட்டுரை வந்தது. அதில் உடாவின் வேலையையும் ஒகாபேயின் வேலையையும் பெயர் சொல்லித்தான் விவரித்திருந்தார். ஆனால் மேலைநாட்டவர்கள் படித்தது அந்த ஒரு கட்டுரையைத்தான். ஜப்பானிய மொழியில் இருந்த பதினோரு கட்டுரைகளை யார் படிப்பார்கள்? கருவிக்கு யாகி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்கக் காப்புரிமை ஆர்சிஏ நிறுவனத்துக்கும் பிரிட்டிஷ் காப்புரிமை மார்க்கோனி நிறுவனத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது. எங்களிடம் ஒரு வவுச்சரை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் சரிபார்த்துப் பாஸ் செய்வார். இரண்டு பேருடைய இனிஷியலும் அதில் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து ஆடிட் வந்தாலும் யார் எழுதியது, யார் பாஸ் செய்தது என்று தெரியும். இந்தக் காப்புரிமை வவுச்சரில் ஒரு இனிஷியல் விட்டுப்போய்விட்டது.

அதற்காக யாகியைத் திருடர் என்று சொல்லிவிடவும் முடியாது. கேள்வி அவருடையது. ஆய்வகம், பணம், வழிகாட்டல் எல்லாம் அவர் ஏற்பாடு. ஆங்கிலத்தில் எழுதி உலகத்துக்குக் கொண்டுபோனதும் அவரே. அவர் இல்லாவிட்டால் உடாவின் அளவுகள் ஜப்பானிய இதழின் பழைய கட்டுகளிலேயே தூங்கியிருக்கலாம். உடா இல்லாவிட்டால் யாகியிடம் ஒரு நல்ல யோசனை மட்டும் இருந்திருக்கும்.

உடா தன் வேலையைத் தொடர்ந்தார். 1930-களின் தொடக்கத்தில் சக்காத்தா துறைமுகத்துக்கும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருக்கும் தோபிஷிமா தீவுக்கும் இடையே இந்த ஆன்டெனாக்களை வைத்துப் பேசிக் காட்டினார்.

ஊரில் மதிப்பில்லை

வெளிநாடுகள் எடுத்துக்கொண்ட கருவியைச் சொந்த நாடு கண்டுகொள்ளவில்லை. எதிரி இருக்கும் இடத்தை அலை அனுப்பித் தேடுவது, இருட்டில் விளக்கை ஏற்றிக்கொண்டு நம் இடத்தை நாமே காட்டிக்கொடுப்பதற்குச் சமம் என்று ஜப்பானியப் படை அதிகாரிகள் பலர் எண்ணினார்கள். 1941-ல் யாகியின் காப்புரிமைக் காலம் முடிந்தது. நீட்டிப்புக் கேட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததுதான் இந்தக் கதையிலேயே பெரிய வேடிக்கை, பெரிய வேதனையும்கூட. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷார் விட்டுச்சென்ற ராடார் கருவிகளோடு ஒரு ராடார் வீரரின் கையெழுத்துக் குறிப்பேடும் கிடைத்தது. அதைப் படித்த ஜப்பானியப் பொறியாளர்களுக்கு ஒரு சொல் மட்டும் புரியவில்லை. திரும்பத் திரும்ப வந்த அந்தச் சொல்லை யாகி என்று படிப்பதா யாஜி என்று படிப்பதா என்றுகூடத் தெரியவில்லை. கடைசியில் கைதியாக இருந்த அந்த வீரரையே கேட்டார்கள். அவர் ஆச்சரியப்பட்டார். இந்த ஆன்டெனாவைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர் அது என்று அவர்தான் இவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

தன் வீட்டில் இருந்த நகையை அடுத்த ஊர் அடகுக் கடையில் பார்த்து அடையாளம் தெரியாமல் விலை கேட்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒசாகாவும் போர்க்காலமும்

இதற்கு முன்பே, 1930-களில், யாகி ஒசாகா இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் புதிய இயற்பியல் துறைக்குத் தலைவராகப் போயிருந்தார். அங்கேயும் அவருடைய பழைய குணம் வேலை செய்தது. ஹிடெக்கி யுகாவா என்ற இளம் விரிவுரையாளரை 1933-ல் சேர்த்துக்கொண்டார். யுகாவா கூச்ச சுபாவம் உள்ளவர், கட்டுரை எதுவும் எழுதாமல் இருந்தார். யாகி அவரைக் கூப்பிட்டுக் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டிப்பு உறைத்தது. 1935-ல் வெளிவந்த யுகாவாவின் கட்டுரைக்கு 1949-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானியர் ஒருவர் பெற்ற முதல் நோபல் பரிசு அது.

1942-ல் யாகி டோக்கியோ தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் தலைவரானார். 1944 டிசம்பரில் அரசின் தொழில்நுட்பத் துறைக்குத் தலைமை ஏற்றார். அந்த நேரத்தில் இளம் விமானிகள் வெடிகுண்டோடு கப்பல்கள் மீது மோதிச் செத்துக்கொண்டிருந்தார்கள். 1945 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் இது பற்றிய கேள்விக்கு அவர் பதில் சொல்ல நேர்ந்தது. தாக்குபவர் சாகாமலே குறி தவறாத ஆயுதத்தைச் செய்து தருவதுதான் விஞ்ஞானிகளின் கடமை, அதைச் செய்ய முடியாததால் இளைஞர்கள் உயிரைக் கொடுக்க வேண்டி வந்துவிட்டது என்று அவர் வருத்தம் தெரிவித்தார். தற்கொலைத் தாக்குதலை எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்த அவையில் அப்படிப் பேச மனத்துணிவு வேண்டும்.

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் விழுந்த அணுகுண்டுகளில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வெடிப்பது என்று அளக்க ராடார் கருவிகள் இருந்தன. அந்தக் கருவிகளில் இருந்தவை யாகி ஆன்டெனாக்கள். செண்டாயில் அலையைத் திருப்பப் பாடுபட்டவர்கள் எவரும் இதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

கூரைக்கு ஏறிய யாகி

போர் முடிந்ததும் 1946-ல் ஒசாகா பல்கலைக்கழகத் தலைவரானார். ஆனால் போர்க்கால அரசில் பதவி வகித்தவர் என்பதால் அதே ஆண்டில் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டார். அறுபது வயதில் வீட்டில் உட்கார்ந்தார். நம்மில் பலருக்கு அந்த வயதின் வெறுமை தெரியும்.

ஆனால் அவருக்கு இன்னொரு சுற்று இருந்தது. 1952-ல் அவர் பெயரிலேயே யாகி ஆன்டெனா நிறுவனம் தொடங்கியது. அவரே அதன் முதல் தலைவர். 1953 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் என்எச்கே தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் நாடு முழுவதும் கூரைகளில் மீன் முள் முளைத்தது. 1953-லேயே அவர் நாடாளுமன்ற மேலவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956-ல் நாட்டின் மிக உயர்ந்த கலாச்சார விருதைப் பெற்றார். 1976 ஜனவரி 19 அன்று, தொண்ணூறு வயதுக்கு ஒன்பது நாள் குறைவாக இருக்கும்போது காலமானார்.

உடா 1955 முதல் 1958 வரை நம் நாட்டில் இருந்தார் என்பது எனக்குப் புதிய செய்தி. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் நுண்ணலை ஆராய்ச்சிப் பிரிவை அமைத்துக் கொடுத்தார். அவர் கிளம்பிய அடுத்த ஆண்டு, 1959 செப்டம்பர் 15 அன்று, அதே தில்லியில் இந்தியாவின் முதல் டிவி ஒளிபரப்பு தொடங்கியது. உடாவும் 1976 ஆகஸ்டில் காலமானார். குருவும் சீடரும் ஒரே ஆண்டில் போனார்கள். இன்று பாடநூல்களில் யாகி-உடா ஆன்டெனா என்று இரண்டு பெயரும் சேர்ந்தே வருகின்றன. விட்டுப்போன இனிஷியல் தாமதமாக வந்து சேர்ந்தது. 1995-ல் உலக மின்பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ இதை ஒரு மைல்கல்லாக அறிவித்துத் தோஹோக்கு பல்கலைக்கழகத்துக்குக் கல்வெட்டுக் கொடுத்தது.

டிஜிட்டல் வந்த பிறகு

நம் ஊரில் கேபிளும் டிடிஎச்சும் வந்து ஆன்டெனாவை இறக்கிவிட்டன. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அது இன்னும் கூரையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் முழுச் சக்தி நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று டிஜிட்டலுக்கு மாறின. ஜப்பான் 2011 ஜூலை 24 அன்று மாறியது. ஆனால் அந்த மார்ச் மாதம் பூகம்பமும் சுனாமியும் தாக்கிய மூன்று மாநிலங்களுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை பழைய ஒளிபரப்பு நீட்டிக்கப்பட்டது. அந்த மூன்றில் ஒன்று மியாகி. அதன் தலைநகரம் செண்டாய். ஆன்டெனா பிறந்த ஊர் கடைசியாக மாறிய ஊர்களில் ஒன்று.

அங்கே பிள்ளைகள் இருப்பவர்கள், மாதச் சந்தா இல்லாமல் உள்ளூர் சேனல் பார்க்க ஆன்டெனா வாங்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் படித்ததையும் மாடியில் நின்று கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1. டிஜிட்டல் ஆன்டெனா என்று தனியாக ஒன்று இல்லை. அலை அதே அலைதான். அதில் ஏறிவரும் தகவல்தான் மாறியிருக்கிறது. பெட்டியில் டிஜிட்டல் என்று அச்சடித்ததற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். எந்த அலைவரிசைக்கு என்று மட்டும் பாருங்கள்.

2. கம்பியின் நீளத்தை நீங்களே கணக்குப் போடலாம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 500 மெகாஹெர்ட்ஸ் என்றால் 60 சென்டிமீட்டர். அதில் பாதி, சுமார் 30 சென்டிமீட்டர், கம்பியின் நீளம். ஜப்பானில் டிஜிட்டல் டிவி 470 முதல் 710 மெகாஹெர்ட்ஸ் வரை. அதனால்தான் அங்கே இப்போதைய ஆன்டெனாவின் கம்பிகள் குட்டையாக இருக்கின்றன. அமெரிக்காவில் இந்த யுஎச்எஃப் வரிசையோடு விஎச்எஃப் வரிசையிலும் சில நிலையங்கள் உண்டு. அந்த ஊர் நிலையங்கள் எதில் வருகின்றன என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். அமெரிக்க அரசின் எஃப்சிசி, முகவரியைக் கொடுத்தால் எந்தத் திசையில் எந்த நிலையம் என்று காட்டும் வரைபடத்தை இணையத்தில் வைத்திருக்கிறது.

3. கம்பி அதிகம் இருந்தால் நல்லதுதான், ஓரளவுக்கு. ஜப்பானில் 14 கம்பி, 20 கம்பி என்று கணக்குச் சொல்லி விற்கிறார்கள். பி.காம். படித்தவர்களுக்குக் குறைந்து செல் விளைவு விதி நினைவிருக்கும். அது இங்கேயும் பொருந்தும். ஒவ்வொரு புதிய கம்பியும் முந்தையதைவிடக் குறைவாகவே உதவும். தவிர, கம்பி கூடக் கூடப் பார்வை குறுகும், திசையை இன்னும் துல்லியமாக வைக்க வேண்டும். டவர் பக்கத்தில் என்றால் சிறியது போதும். தூரத்தில் என்றால் பெரியது.

4. குட்டைக் கம்பிகள் இருக்கும் முனை டவரைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டிவிட்டுப் படம் இல்லை என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. சந்தேகம் இருந்தால் அக்கம்பக்கத்துக் கூரைகளைப் பாருங்கள். கம்பிகள் படுக்கையாக இருக்கின்றனவா நிமிர்ந்து நிற்கின்றனவா என்பதையும் கவனியுங்கள். டவர் எப்படி அனுப்புகிறதோ அப்படித்தான் வைக்க வேண்டும். ஜப்பானில் பெரும்பாலும் படுக்கை, சில துணை நிலையங்களுக்கு மட்டும் நிமிர்வு.

5. பழைய டிவியில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாக வரும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. ஒரு அளவு வரை பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ஆகவே இன்று படம் தெரிகிறது என்று திருப்தியடைந்து இறங்கிவிடாதீர்கள். டிவியின் மெனுவில் சிக்னல் அளவு காட்டும் பக்கம் இருக்கும். அதைப் பார்த்து, மழைக்கும் காற்றுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி வையுங்கள். நம் சேமிப்புக் கணக்கு மினிமம் பேலன்ஸ் மாதிரிதான்.

6. உயரம் முக்கியம், ஆனால் அதைவிட முக்கியம் எதிரே மறைப்பு இல்லாதது. தண்ணீர்த் தொட்டி, தகரக் கூரை, ஏசி யூனிட் ஆகியவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். வீட்டுக்குள் வைப்பதாக இருந்தால் டவர் திசையில் உள்ள ஜன்னல் ஓரம். கான்கிரீட் சுவரும் அதற்குள் இருக்கும் கம்பியும் சிக்னலைக் குடித்துவிடும்.

7. பூஸ்டர் இல்லாத சிக்னலை உண்டாக்காது, இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். தேவைப்பட்டால் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், டிவிக்குப் பின்னால் அல்ல. டவருக்கு அருகில் இருப்பவர்கள் பூஸ்டர் போட்டால் சிக்னல் மிகுந்து, வந்த படமும் போகலாம். முதலில் பூஸ்டர் இல்லாமல் பாருங்கள்.

8. மின்கம்பி அருகே கம்பம் வேண்டாம். மின்னலுக்கு எர்த் இணைப்பு அவசியம். வயதானவர்கள் கூரை ஏற வேண்டாம். மாட்டி முடித்ததும் சேனல்களை மறுபடி ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள்.

கடைசியாக

பழைய சாமான் வண்டிக்குப் போக இருந்த அந்த ஆன்டெனாவைக் கேட்டு வாங்கிச் சங்க அறையில் வைத்திருக்கிறேன். மூன்று கம்பிகள் உடைந்துவிட்டன, நடுக்கம்பி நன்றாகவே இருக்கிறது. செயலாளர் அனுமதி கொடுத்திருக்கிறார். அதன் மேல் ஒரு அட்டை ஒட்டி யாகி, உடா என்று இரண்டு பெயரையும் தமிழில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி கேட்ட அந்த இரண்டு சிறுவர்களும் இதைப் படித்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்க அறைக்கு வரலாம். எந்தக் கம்பி கேபிளோடு இணைந்தது, எவை சும்மா நிற்பது போல நின்று வேலை செய்தவை என்று தொட்டுக் காட்டுகிறேன். பெற்றோரும் வரலாம்.